இரும்புக்கு உரம்

அச்சுவேலியில் எங்கள் உலைக்கும்
தவமலரின் வெங்காயத் தறைக்கும் நடுவே
ஒரு கம்பிவேலிதான்.
சிலிண்டர் இறங்கிய அன்று
மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்:
"உதென்ன பிள்ளை, ஐஸ் கொம்பனி மணம்?"

ஐஸ் கொம்பனி அமோனியாதான்,
குருநகரில் கடனாக வாங்கியது.
அதிலிருக்கும் நைதரசனை
உருக்குக்குள் ஏற்றப்போகிறேன் என்றேன்.
"யூரியாவில கிடக்கிறதே?"
அதுவேதான்.
"அப்ப இரும்புக்கும் உரம் போடுறியள்."
சிரித்தபடி தண்ணி மாறப் போய்விட்டாள்.
பதிவேட்டில் நானும்
உரம் என்றே எழுதினேன்.

காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான்.
மூச்சோடு வந்து மூச்சோடு போகும்.
மூன்று முடிச்சுப் போட்ட சோடி,
எந்தச் சூட்டுக்கும் இலேசில் பிரியாது.
அமோனியாவுக்குள் மட்டும்
ஒற்றையாய் நிற்கும்.
ஐந்நூற்றிருபது பாகையில்
இரும்பின் தோலில் பட்டதும்
ஐதரசனை உதறிவிட்டு
உள்ளே நுழையும்,
காபன் முன்பே குடியிருக்கும் வீட்டுக்குள்.
இடம் காணாது.
அந்த நெருக்கடிதான் எனக்கு வேண்டும்.

எமிலியானின் படகுப் பம்பித் தண்டு அது.
மணலும் உப்பும் சேர்ந்தால்
மூன்று மாதத்துக்கு ஒரு தண்டு சரி.
முதல்முறை அவசரப்பட்டு
வாயுவைக் கூட்டிவிட்டேன்.
மேலே வெள்ளையாய் ஒரு படை.
மெல்லத் தட்டினேன்,
முட்டைக்கோது போலக் கழன்றது.
ஒரு சில்லைக் கையில் வாங்கிப் பார்த்தாள் தவமலர்.
"உரம் கூடினா வெங்காயமும் இப்பிடித்தான்.
பாக்கக் கொழுத்துக் கிடக்கும்,
கட்டித் தூக்கினா ஒரு கிழமை நில்லாது."

இரண்டாம் தண்டு.
வாயு பாதி, நேரம் நாற்பத்தெட்டு மணி.
முப்பத்தோராவது மணியில்
கரண்ட் போனது.

எமிலியான் இரண்டு கான் டீசலோடு வந்தான்.
கடலுக்கென்று வைத்திருந்தது.
ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது.
அன்றிரவு அவன் தொழிலுக்குப் போகவில்லை;
புகைக்குழாய் நுனியில்
வேண்டாத ஐதரசன் எரிவதைப் பார்த்தபடி
மீன்பெட்டியைக் கவிழ்த்து
அதன்மேல் இருந்தான்.
இரண்டு தரம் மட்டும் கேட்டான்,
"உருகிப் போகாதே?"

ஆறியபின் தண்டு சாம்பல் நிறம்.
வைரக் கூரை அழுத்தி
நுணுக்குக்காட்டியில் தழும்பைத் தேடினேன்.
கண்டுபிடிக்கவே நேரமெடுத்தது.
ஏறிய ஆழம்
வெங்காயச் சருகு நாலைந்து அடுக்கின தடிப்பு.
அதற்குக் கீழே
பழைய இரும்பு, பழையபடி.

எமிலியானும் கண்ணை வைத்தான்.
"எங்க? ஒண்டும் தெரியேல்லையே."
தெரியாததுதான் நல்லது என்று சொல்ல
வாய் வரவில்லை.
டீசல் காசையும் அவன் கேட்கவில்லை.
தண்டைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு
மோட்டார்சைக்கிளில் ஏறினான்.
"சோளகம் முடியட்டும், பாப்பம்."

வேலிக்கு அப்பால் தவமலர்
யூரியாவை இந்தமுறை
அரைப்பிடியாய் எறிந்துகொண்டிருந்தாள்.