நான்காவது வாரம்

டப்பாவின் விலை எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
தலைக்கு இருநூறு போட்டோம்.
மிச்சமான ஒரு ரூபாயை யாரும் கேட்கவில்லை,
அன்று அவ்வளவு நம்பிக்கை.

யோகமலரின் போனில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும்,
அதுவும் பேக்டரி வாடல் மாடியின் கிழக்கு ஜன்னலில்.
மேல் லைன், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே,
கீழ்க்கோத்தகிரி.
கூரியர் பையன் பாதி வழியில் வண்டியை நிறுத்தி
"அக்கா, வளைவுல காட்டெருமை, நீங்களே வாங்க" என்றான்.
நாலு பேரும் போனோம்.
தேயிலைக்குள் நின்று அது எங்களைப் பார்த்தது.
தோல் என்ன மினுமினுப்பு பாரு என்றாள் பிலோமினா.

ஏமாறுவது எங்களுக்குப் புதிதில்லை.
குன்னூர்க் கடை டியூப்லைட்டின் கீழ்
எனக்கு அச்சாகப் பொருந்திய பவுண்டேஷன்
பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தில்
என்னைச் சாம்பல் பூசணி ஆக்கியது.
ரத்னகுமாரியின் அழியாத கண்மை
டிசம்பர்ப் பனியில் கன்னம்வரை நடந்து வந்தது.
யார் அடித்தது என்று சூப்பர்வைசர் கேட்க,
அவள் புருஷன் ஒரு வாரம்
லைன் லைனாக விளக்கம் சொல்லித் திரிந்தான்.
பிலோமினா வாங்கிய லிப்ஸ்டிக்குக்குத்
தோல் நிறம் என்று பேர்.
யார் தோல் என்று போடவில்லை.
திருப்பி அனுப்பப் பார்த்தால்
இந்தப் பின்கோடில் எடுக்க மாட்டோம் என்றார்கள்.
கொண்டுவர வழி தெரிந்தவர்கள்
கொண்டுபோக வழி தெரியாமல் போனார்கள்.
மார்க்கர் தீர்ந்த ஒரு நாள்
தூள் மூட்டையில் நம்பர் போட அதை எடுத்தோம்.
எழுதியது தெரியவில்லை.
மூட்டையும் அதே நிறம்.
ஆக, அது மூட்டையின் தோல்.

அதனால்தான் இந்த முறை சீட்டு.
ஏமாந்தாலும் கால் பங்குதான்.
டீ ருசி பார்க்கும் கோப்பையில் பேரைப் போட்டுக் குலுக்கினோம்,
எனக்கு நான்காவது வாரம்.

யோகமலர் விரல் நுனியில் தொட்டு எடுத்தாள்.
பிலோமினா கழுத்துக்கும் சேர்த்துப் போட்டாள்.
மூன்றாம் வாரம் பார்த்து ரத்னகுமாரிக்கு
அக்கா மகள் நிச்சயதார்த்தம்.

எனக்கு வந்தது டப்பா.
மூடிக்குக் கீழே இன்னொரு மூடி,
அதற்குக் கீழே, உடனே, அடி.
கவிழ்த்துப் பார்த்தேன்:
பாதி உயரம் வெறும் பிளாஸ்டிக்.
வெந்நீர் ஊற்றிக் குலுக்கலாமா என்று யோசித்தேன்,
குழம்புச் சட்டி போல.
ஊற்றவில்லை.
எடுத்துக்கொண்டுபோய் மூவர் முகத்திலும் விட்டெறிய
சனிக்கிழமைவரை கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த வாரம்தான்
தூள் சலிக்கும் அறையிலிருந்து என்னை எடுத்து
ஆபீசில் எடை எழுத உட்கார வைத்தார்கள்.
ஏழு நாள் தூசி இல்லை.
ஏழு ராத்திரி தூக்கம்.

திங்கட்கிழமை சாப்பாட்டு மணிக்கு
டப்பாவோடு போனேன்.
வாயைத் திறப்பதற்குள்
தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள் யோகமலர்.
"பாருங்கடி. நமக்குத்தான் பிடிக்கல.
இவளுக்குப் பிடிச்சிருக்கு."
தோல் வாகு அப்படி என்றாள் பிலோமினா.
ரத்னகுமாரி ஒன்றும் சொல்லாமல்
தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள்,
எதையோ தொலைத்த இடத்தைத் தடவுவது போல.

என் முகத்தைப் பற்றி
போன பொங்கலுக்குப் பிறகு கேட்ட முதல் நல்ல வார்த்தை.
டப்பாவை முந்தானைக்குள் தள்ளிவிட்டு
சாப்பிட உட்கார்ந்தேன்.

இன்று இரண்டாவது டப்பா.
ஆயிரத்து நாற்பது, விலையை ஏற்றிவிட்டார்கள்.
தலைக்கு இருநூற்று அறுபது,
என்னைப் பார்த்துத்தான் போட்டார்கள்.
குலுக்கவேகூட இல்லை,
முதல் வாரம் உனக்குத்தான் என்றார்கள்.

கீழே வளைவில் ஹாரன் கேட்கிறது.
மூவரும் வெளியே வந்து
போய் வாங்கு, போய் வாங்கு என்கிறார்கள்.

நாளையிலிருந்து எனக்கு
மறுபடியும் சலிக்கும் அறை.