உள்தள்ளிய வரி

லெபோ பந்தாயில் மூன்றாம் மாடி.
ஞாயிறு இரவு மணி பதினொன்றே முக்கால்.
கீழே வங்கி வாசலில் காவலாளி
நாற்காலியைச் சுவரில் சாய்த்துத் தூங்குகிறார்.
என் முன்னால் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று கடிதங்கள்
தூங்காமல் வரிசையில் நிற்கின்றன.

வெள்ளி மாலையிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை.
வருவது மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.
கொள்கலன் எண் என்னாச்சு என்று
பெலாவானிலிருந்து ஒருவர் நான்கு முறை கேட்டாராம்.
நான்கு முறையும் பதில் போட்டாளாம் தவமலர்.
பிறர் கடிதத்தைத் திறந்து படிப்பவன் இல்லை நான்.
அளவு மட்டும் கண்ணில் படும்:
முதல் பதில் எட்டு கிலோபைட்,
நான்காவது ஒன்றரை.

விடுப்பில் இருக்கிறேன் என்று சொல்லும்
தானியங்கிப் பதில்கள் இருநூறு.
அவையும் விடுப்புக்குப் போக முடியாமல்
இங்கேயே கிடக்கின்றன.

ரௌட்டரை அணைத்து ஏற்றினேன்.
சான்றிதழின் தேதியைப் பார்த்தேன்.
இணைய நிறுவனத்தை அழைத்து
நாற்பது நிமிடம் அவர்களுடைய பியானோவைக் கேட்டேன்.
தீச்சுவரைக் குற்றம் சொன்னேன்,
பாவம், அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.
பதிவேடு முழுக்க ஒரே வாக்கியம்:
தட்டினேன், திறக்கவில்லை, நேரம் கடந்தது.

பசித்தது. கீழே இறங்கி
மாமாக் கடையில் ஒரு மேகி கோரெங்,
தே ஓ ஐஸ். திரும்பி வந்து
வேறொன்றும் தோன்றாமல்
எங்கள் வாசலை நானே தட்டினேன்
அந்நியனைப் போல,
டெல்நெட்டில், இருபத்தைந்தாம் எண்ணில்.

சர்வர் வணக்கம் சொன்னது.
தன் பெயரைச் சொன்னது.
அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.
நிறுத்தாமல் அதே மூச்சில்
ரிலேஹோஸ்ட், சமக்குறி,
கோலாலம்பூரில் எங்கள் கடிதங்களை வாங்கி அனுப்பும்
இயந்திரத்தின் முழு முகவரி என்று
ஒப்பித்துக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

ஐந்தே முக்கால் மணி. வேலை இல்லை.
கோ பூன் ஹெங் விட்டுப்போன கோப்பைத் திறந்து
ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன்.
பதினான்கு வருடக் குப்பை.
செத்துப்போன மூன்று டொமைன்கள்,
பேக்ஸுக்கு ஒரு பாதை,
வேலையை விட்டு எப்போதோ போனவர்களின் மாற்றுப்பெயர்கள்.
எல்லாவற்றையும் துடைத்தேன்.
சமக்குறிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்தினேன்,
துவைத்த துணியை மடித்து அடுக்குகிற சுகம்.
நடுவில் மலாயில் ஒரு குறிப்பு: ஜாங்கான் ஊசிக்.
தொடாதே.
சிரித்துக்கொண்டே அதையும் அழித்தேன்.

அப்போது கட்டைவிரல் ஒருமுறை பட்டிருக்கிறது,
விசைப்பலகையின் நீளமான விசையில்.

இந்த மென்பொருளுக்கு ஒரு விதி உண்டு:
வெற்றிடத்தில் தொடங்கும் வரி
தனி வரி இல்லை,
மேல் வரியின் வால்.
அதனால் வழி சொல்ல வேண்டிய வரி
வணக்கம் சொல்லும் வரிக்குள்
    போய் உட்கார்ந்துவிட்டது.
மூன்று நாளாக
வந்தவர்களுக்கெல்லாம் வெளியேறும் வழியைச் சொல்லிவிட்டு
தான் மட்டும் தெரியாமல் நின்றிருக்கிறது சர்வர்.

ஒரே ஒரு முறை பின்னழித்தேன்.
மறுஏற்றம்.
எண் இறங்கியது. ஆயிரம். எழுநூறு. அறுபத்திரண்டு.
தவமலரின் நான்கு பதில்களும்
ஒரே நொடியில் கடலைத் தாண்டின.
பெலாவான்காரர் காலையில்
கடைசிக் கடிதத்தை முதலில் திறக்காமல் இருக்க வேண்டும்.

கோவின் குறிப்பை அதே இடத்தில் திருப்பி எழுதினேன்.
மிஸ் ஓய்க்கு அறிக்கை:
காரணம், கட்டமைப்புப் பிழை.
அழித்தேன்.
காரணம், ஓர் இடைவெளி.
அதையும் அழித்தேன்.

மேசைமேல் போன் அதிர்ந்தது.
கடிதம் நின்றுபோனால் சொல் என்று
நானே எழுதி வைத்த காவல் நிரல்,
வெள்ளி மாலை ஆறு பத்துக்கு அனுப்பியது:
எச்சரிக்கை. கடிதங்கள் வெளியே போகவில்லை.
மறுபடி அதிர்ந்தது. ஆறு இருபது.
மறுபடி. ஆறு முப்பது.
நின்ற கடிதங்களில் முந்நூற்றுச் சொச்சம்
எனக்குத்தான் வந்திருக்க வேண்டியவை.
போன் மேசையின் விளிம்பை நோக்கி
மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.