முப்பத்தாறு பேர்

வலது மைனஸ் பன்னிரண்டு,
இடது பதின்மூன்றரை.
கண்ணாடியைக் கழற்றினால்
என் உலகம் நாலு விரற்கடை.
அதற்குள் வந்தால் எறும்பின் மீசையும் தெரியும்.
வராவிட்டால் மலையும் இல்லை.

கொழுந்து பறிக்கக் கண் எதற்கு என்பார்கள்.
சரிதான், ரெண்டு இலையும் ஒரு மொட்டும்
விரலுக்குத் தெரியும்.
கான் தெரியாதே.
பதினோராம் நம்பர் மலையில், மழையில்,
கானுக்குள் போனேன்.
கூடை தப்பியது. கண்ணாடிக்குக் கால் முறிந்தது.
ஏழு வருஷத்துக் கண்ணாடி, நம்பரும் பழசு.
நூல் சுற்றி, பிறகு ப்ளாஸ்டர் சுற்றி
மூன்று மாதம் ஓட்டினேன்.

அட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடிக்கடை.
பிரேம் மூவாயிரம் என்று அட்டையில் இருந்தது,
மூக்கை அட்டையில் வைத்துப் படித்தேன்.
வில்லை?
"மெல்லிசா வேணும்னா கொழும்புல இருந்து வரணும்.
எல்லாமா நாப்பத்தெட்டாயிரத்து அறுநூறு."

நான் ரூபாயில் கணக்குப் போடுவதில்லை.
ஒரு நாளைக்கு ஒரு பேர்.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
முப்பத்தாறு பேர்.
முப்பத்தாறு பேரும் நானேதான்.
மழையில் நனைந்த ஒருத்தி,
அட்டை கடித்த காலோடு ஒருத்தி,
காய்ச்சலில் வெற்றிலை மென்றபடி ஒருத்தி,
எல்லோரும் சாப்பிடாமல்,
கடைக்காரனுக்குக் கடன் கட்டாமல்,
மலையிலிருந்து வரிசையாக இறங்கி வந்து
அந்த மாடிப்படியில் நிற்க வேண்டும்.

தலவாக்கலையில் இலவசக் கண் முகாம்.
பாடசாலை மண்டபம், பெட்டி பெட்டியாகக் கண்ணாடி,
பணிஸ், பிளேன்டீ, படம் பிடிக்க ஒருவர்.
எங்கள் லயத்து மருதவள்ளிக்குக் கிடைத்தது,
அங்கேயே ஊசியில் நூல் கோர்த்துக் காட்டினாள்.
என் முறை வந்ததும் அந்தப் பையன்
பெட்டியின் அடிவரை கிளறினான்.
"அக்கா, ஆறோட முடியுது."
பாவம், அவன்தான் மன்னிப்புக் கேட்டான்.
தர்மத்துக்கும் ஒரு எல்லைக்கல் உண்டு.
அதற்கு ஆறு நம்பர் தள்ளி என் குடியிருப்பு.

மறுபடி அட்டன். சந்துக்குள் இன்னொரு கடை.
ரிஸ்மியா என்று பெயர், என்னைவிட இளையவள்.
"பெரிய பிரேம் எடுக்காதீங்க, ஓரந்தான் தடிக்கும்.
சின்னதா, வட்டமா எடுத்தா
தடிச்ச ஓரத்தை வெட்டி எறிஞ்சிரலாம்.
சாதா வில்லையே போதும்."
பிள்ளைகள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள்.
ஊதா. காலில் ஒரு முயல்.
"கண்ணாடியில பாருங்க."
பார்த்தேன்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
மாநிறத்தில் ஒரு மேகம்.
இத்தனை காலமும் எனக்கு எது பொருந்தும் என்று
மற்றவர்கள்தான் சொன்னார்கள்.
ரிஸ்மியா போனில் படம் எடுத்தாள்,
என் பழையதை என் மூக்கில் மாட்டினாள்,
போனை நீட்டினாள்.
முப்பத்தொரு வயதில், முயலோடு, நான்.
மோசமில்லை.

பதினாலாயிரம். பாதி கையில், பாதி தவணையில்.
பத்துப் பேரும் கொஞ்சம் சில்லறையும்.

வந்தது. கனம்தான்.
மூக்கில் தடம் விழுகிறது,
பார்ப்பவர்களுக்கு என் கண் மிளகளவு.
சோடாப்போத்தல் என்றவர்கள்
இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பின்னேரம் கொழுந்து நிறுவை.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் தராசு.
"பதினெட்டு" என்றார் கணக்கப்பிள்ளை,
புத்தகத்தைப் பார்த்தபடி.
முள் இருபத்தொன்றில் நின்றது.
கறுப்பு முள். நுனியில் லேசாக ஒரு வளைவு.
வாய் தானாகச் சொன்னது:
"ஐயா, இருபத்தொன்னு."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மாட்டினார். இருபது என்று எழுதினார்.
ஒரு கிலோ ஈரத்துக்காம்.

வரிசையில் யாரும் வியக்கவில்லை.
எனக்குப் பின்னாலிருந்து மருதவள்ளி,
முதுகுக்கு மட்டும் கேட்கிற குரலில்,
"எங்களுக்கு எப்பவுமே தெரியும் புள்ள" என்றாள்.

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.
நன்றாகவே தெரிந்தது.