இரண்டு நொடி

கோரிப்பாளையம் சந்தில், மாடிப்படிக்குக் கீழே
முட்டை அட்டை ஒட்டிய அறை.
ஃபேனை நிறுத்தினால்தான் பதிவு.
காலையில் சீப்புச் சின்னத்துக்கு வாக்குக் கேட்டேன்,
மதியம் பூட்டுக்கு.
ஒரே தொண்டை.
சீப்புக்குக் கொஞ்சம் உருக்கம், பூட்டுக்குக் கொஞ்சம் உறுமல்,
நடுவில் ஒரு பன்னும் சுக்குமல்லிக் காபியும்.
பதிவுக்கு எண்ணூறு ரூபாய்.
"அலைகடலென" வந்தால் ஆயிரம் கேளு என்பான்
ஒலிப்பதிவு ஏசுவடியான்.

அன்று சீப்புக்காரரின் மருமகன் வந்திருந்தான்.
சென்னையில் ஏதோ படித்தவன்.
நான் எழுதிய எட்டு வரியையும் அடித்துவிட்டு
கழுத்தைத் துடைத்தபடி ஒரே வரி சொன்னான்:
"நம்ம தெருத் தண்ணி எங்க போகுது?"

அவ்வளவுதானா?

"அவ்வளவுதாண்ணே. கேள்வியா விடுங்க.
குத்தம் சொன்னா கேஸ் போடுவான்,
கேள்விக்கு எவன் போடுவான்?
கேட்டுட்டு ரெண்டு நொடி சும்மா இருங்க.
பதில அவங்களே போட்டுக்குவாங்க.
தானாப் போட்ட பதில
எவனும் லேசுல விட மாட்டான்."

கேட்டேன்.
ஒன்று. இரண்டு.
ஏசுவடியான் கட்டைவிரலை உயர்த்தினான்.

பன்னிரண்டு ஆட்டோக்கள்
செல்லூர்ச் சந்து சந்தாக அந்த இரண்டு நொடியை
ஏற்றிக்கொண்டு அலைந்தன.

தண்ணீர் எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும்.
எங்கும் போகவில்லை.
மோட்டார் ரூமுக்குப் பின்னால் வால்வு துருப்பிடித்துக்
கார்த்திகையிலிருந்து இறுகிக் கிடக்கிறது.
தண்ணீர் திறக்கும் ஒச்சப்பன் ஸ்பேனரோடு
மல்லுக்கட்டியதை நின்று பார்த்தவன் நான்.
ஆனால் 'வால்வு' என்ற சொல்லுக்கு
ஆட்டோவில் ஏறும் லட்சணம் இல்லை.

ஐந்தாம் நாள் இரவு
மோர் ஊற்றிக்கொண்டே ஜெயக்கொடி சொன்னாள்:
"தண்ணி எங்க போகுதுங்கிறீங்க?
பள்ளிவாசத் தெருவுக்குத்தான்."
யார் சொன்னா?
"யாரு சொல்லணும்? ஊரே சொல்லுது."

ஊர்.
மூக்கடைப்போடு பேசிய ஊர்.
'போகுது'வைக் கொஞ்சம் இழுத்த ஊர்.
அந்த எண்ணூறில்
இந்த வீட்டுக்கே சிலிண்டர் எடுத்த ஊர்.

அது நாந்தாண்டி என்றேன்.
சிரித்தாள்.
"உங்க குரல் எனக்குத் தெரியாதா?
சொன்னது நீங்க.
நெனச்சது நான்ல?"

அடுப்பு மேடையில் மெகருன்னிசாவின் தூக்குவாளி.
நோன்புக் கஞ்சி வந்த வாளி.
வெறும் பாத்திரம் திருப்பித் தரக்கூடாதென்று
ஒரு பிடி சர்க்கரையாவது போட்டனுப்புகிறவள்
இந்த முறை கழுவிக் கவிழ்த்ததோடு சரி.
"வேணும்னா வந்து கேக்கட்டும்."

சீப்பு ஜெயித்தது. நூற்றுப் பதினோரு வாக்கு.
வரிதான் ஜெயித்ததென்றான் மருமகன்.
கவர்தான் என்றார் மாமனார்.
இருவரும் என்னைப் பார்க்க,
நான் மீதிப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பூத்தில் பொத்தானுக்கு முன்னால்
என் குரலே என்னிடம் கேட்டதை,
எட்டுப் பத்துப் பேர் பின்னால் நிற்க
நான் விரலைத் தூக்கியபடி நின்றதை
அவர்களிடம் சொல்லவில்லை.

வால்வு இன்னும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாளியில் சர்க்கரை போட்டு
நானே எடுத்துப் போனேன்.
பள்ளிவாசல் தெருக் குழாயடியில்
நாற்பது குடங்கள், வாய் பிளந்து, வரிசையாக.
எங்கள் தெருவில் நிற்கிற அதே நிறக் குடங்கள்.
பிளாஸ்டிக் மக்கை வாயில் வைத்து
ஒரு பொடியன் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான்.
அதே இழுவை. அந்த மூக்கடைப்பு உட்பட.

"நம்ம தெருத் தண்ணி எங்க போகுது?"

பிறகு சும்மா இருந்தான்.
எவ்வளவு சரியாக இருந்தான்.

குழாயடிப் பெண்கள் திரும்பி
என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார்கள்.

ஒன்று.