நூனின் அடியில் ஒரு புள்ளி

மாந்துவா நகரத்து ஏரிப்பனி
கதவிடுக்கில் வந்து குந்தியிருந்தது.
ஈய எழுத்துகள் விரலைக் கடித்தன.
வலமிருந்து ஓடும் மறையை
இடமிருந்து அடுக்குவது என் பிழைப்பு.
எல்லாச் சொல்லையும் தலைகீழாய்ப் பார்த்தே
பழகிவிட்ட கண்கள்.
என் பெயர் ரீக்கா.
அச்சகம் கணவனுடையது. கடன் என்னுடையது.

துறவி இலாரியோன்
தாள் தாளாய்ச் சோதிக்க வருவார்.
சனிக்கிழமை எங்கள் கதவு அடைத்திருப்பதால்
அவரும் எங்கள் ஓய்வுநாளைக் கைக்கொண்டார்.
சிவப்பு மையில் தோய்த்த இறகு;
உயிர்க்குறி இல்லாத வரியையும்
தடுக்காமல் ஓடும் உதடு.
எங்கே கற்றாரென்று நான் கேட்டதில்லை.

அன்று ஓரங்களில் கோடிட்டுக்கொண்டே வந்தார்.
"மேய்ப்பர், இங்கே.
மீட்பர், இதோ.
கன்மலை. மணவாளன். அரசர்க்கரசர்.
உங்கள் கடவுளின் பட்டங்கள் அத்தனையும்
எங்கள் ஆண்டவருக்கும் உண்டு.
பெயர் ஒன்றென்றால்
ஆள் வேறாக முடியுமா, அம்மா?"

அச்சுக்கோலைக் கீழே வைத்தேன்.
அரசர்க்கரசர் என்ற பட்டம்
எங்கள் ஆலயத்தை எரித்த பாபிலோனியனுக்கும் உண்டு.
மேய்ப்பன் என்றும் அபிஷேகம் பெற்றவன் என்றும்
பாரசீகத்தான் ஒருவனை,
எங்கள் கடவுளின் பெயரையே அறியாதவனை,
இறைவாக்கினர் அழைத்திருக்கிறார்.
மீட்பர்கள் பலர்; ஒருவன் இடதுகைக்காரன்.
கடவுள் என்ற சொல்லே ஒருமுறை
திக்குவாய் மோசேயின் தோளில் விழுந்தது.
என் மேலங்கியை என் நாத்தி போட்டுக்கொண்டு
சந்தைக்குப் போகிறாள்.
கடன்காரன் அவளையா பிடிக்கிறான்?

அவர் சிரித்துவிட்டார். பல் ஒன்று இல்லை.
"கடவுள் என்ற அந்தச் சொல்
பெயரில் பன்மை, வினையில் ஒருமை.
அது ஏன்?"
பெரிய இடத்துக்குப் பெரிய சொல், என்றேன்.
என் குரலில் பாதி ஈயம்தான் இருந்தது.

பிறகு மெல்லக் கேட்டார்:
"முந்தினவரும் நானே, பிந்தினவரும் நானே.
இதை எந்த அரசனுக்குக் கொடுத்தீர்கள்?"

எவனுக்கும் இல்லை.
மேலங்கிகள் பல உண்டு எங்கள் பெட்டியில்;
இதுமட்டும் உடம்போடு ஒட்டிய தோல்.

"எங்கள் ஏட்டில் அதை ஒருவர் சொல்கிறார்.
செத்து உயிர்த்தவர்."

உங்கள் ஏட்டில், என்றேன்.
எங்கள் ஏட்டில், என்றார்.
அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது.
அதற்குமேல் இருவருக்கும் படிகள் இல்லை.

மீண்டும் வேலை.
ஒரு தலைவனை வலப்பக்கம் அமரச் சொல்லும் பாடல்.
நூனின் அடியில் ஒரு புள்ளி வைத்தால்
அமர்பவன் மனிதன்.
கால் ஊன்றிய சிறு கோடு வைத்தால்
(பார்ப்பவர் கண்ணுக்குச் சிலுவைச் சாயல்)
அமர்பவர் கடவுள்.
எடுத்த புள்ளி விறைத்த விரலிலிருந்து
நழுவியது.

கடுகைவிடச் சிறிய ஈயம்.
பெட்டியில் அதுதான் கடைசி.
விளக்கோடு தரையில் மண்டியிட்டேன்.
அவரும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.
மைக்கறையில், மரத்தூளில்,
எலிப்புழுக்கையில்
ஒரு கடவுளின் எண்ணிக்கையைத் தேடி
நான்கு கைகள் தவழ்ந்தன.
வாசலில் யாராவது நின்றிருந்தால்
சேர்ந்து தொழுகிறோம் என்றிருப்பார்கள்.

கண்டெடுத்தது அவர்தான்.
சுண்டுவிரல் நுனியில் ஒட்டியிருந்தது.
நெடுநேரம் பார்த்தார்.
அந்த விரலை உதறியிருக்கலாம்.
பெட்டியில் கோடுகள் நிறைய இருந்தன.

என்னிடம் தரவில்லை.
தானே குனிந்து, தலைகீழ் வரியில்,
கேட்காமலே,
நூனின் அடியில் வைத்தார்.
உதடு எதையோ முணுமுணுத்தது, என் மொழியில்,
ஒரு குழந்தையின் ராகத்தில்.

பிறகு நிமிர்ந்து, இறகைத் தோய்த்து,
உரைப்பகுதியில் இரண்டு வரிகளைச்
சிவப்பால் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.
அந்த வரிகள் எனக்குப் பிடித்தவை.

"நாளை வருகிறேன்."
நாளை சனிக்கிழமை, என்றேன்.
"தெரியும்" என்று சொல்லி
பனிக்குள் போனார்.