பிழை பார்த்தல்

கல்லில் வெட்ட, எழுத்துக்கு மூன்று ரூபாய்.
புள்ளிக்குத் தனியாகக் கிடையாதாம்.
'பெரி. லெ. வயிரவன்,
வழக்கறிஞர், போர்வீரர், அரசியல்வாதி'
என்று ஈப்போவிலிருந்து மகள் எழுதியிருக்கிறாள்.
பிழை பார்ப்பது என் பொறுப்பு,
முப்பத்தொரு வருஷக் குமாஸ்தா.

போர்வீரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் சிக்கல்.
வட்டிக்கடைக் கணக்கெழுத மோல்மேன் போன பையன்
குண்டு விழுந்த மறுவாரம்
கடைச் சாவியை ஆற்றில் எறிந்துவிட்டுச்
சீருடை வாங்கிக்கொண்டான்.
நடந்தே திரும்பினான்,
இடக்காலில் இரண்டு விரல் குறைய.

'மூன்று முறை சுட்டேன்
இரண்டு, வானத்தை' என்பார்.
மூன்றாவது?
'ஆட்சேபணை' என்று
வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்.
தேவகோட்டைக் கோர்ட்டில் எந்தச் சாட்சியையும்
அப்படித் தப்பவிட்டவர் இல்லை.

பங்காளி மேல் குத்தகைக்காரன் போட்ட வழக்கை
அவர்தான் எடுத்தார்.
ஒரே கோயில், ஒரே புள்ளிக் கணக்கு.
ஜெயித்தார்.
கட்டணம் அரை மூட்டை வேர்க்கடலை,
அதில் பாதி என் வீட்டுக்கு.
அந்த ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வரவில்லை.
'மொய்ப் பணம் மிச்சம்' என்றார்,
அன்று சாப்பிடவில்லை.

பிறகு நகராட்சித் தலைவர்.
ஆஸ்பத்திரி ரோட்டில் வண்டி நுழையாமல்
ஒரு பிள்ளைத்தாய்ச்சி செத்துப்போனாள்.
மறுநாள் ஆக்கிரமிப்புப் பட்டியல்.
அவர் சொல்ல, நான் எழுத:
'வரிசை எண் பதினேழு.
சவரிமுத்து. அடுப்படிச் சுவர். நாலடி.'
குரல் மாறவில்லை.
என் கையெழுத்தும் மாறவில்லை.
எனக்கான நோட்டீஸை
நானே கொடுத்து நானே பெற்றுக்கொண்டேன்.

அடுத்த தேர்தலில்
சொந்த வார்டிலேயே பதினொரு ஓட்டில் தோற்றார்.
என் வீட்டில் ஓட்டு ஆறு.
இந்தத் தட்டிலிருந்து ஆறை எடுத்து
அந்தத் தட்டில் வைத்தால்
வித்தியாசம் பன்னிரண்டு.

மறுநாள் காலை கோர்ட் படியில்
வழக்குக் கட்டை என் கையில் தந்தார்.
'சுவர் எழுப்பியாச்சா?'
'இல்லைங்க, தட்டிதான்.'
'மழை வருமே' என்றார்.
நொண்டியபடி மேலே ஏறினார்.
வட்டிக்கடையில் வளர்ந்தவருக்குக்
கூட்டல் கழித்தல் தெரியாமலா இருக்கும்?

கடிதத்தை மூன்று முறை படித்தேன்.
ஒற்று சரி. றகரம் சரி.
'பிழை எதுவுமில்லை' என்று எழுதிக்
கையொப்பமிட்டேன்.

கல்காரர் உளியை எடுத்தார்.
கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.
'எதற்கு?' என்றார்.
சொல்லத் தெரியவில்லை.
யாராவது ஆட்சேபிக்கக் கூடும்.