தளம் இன்னும் தயாரில்லை

குறிச்சி சிட்கோ, மூன்றாம் ஷெட், வடக்கு மூலை.
நாற்பத்திரண்டு மரப்பெட்டிகள்.
பெட்டிக்கொரு வால்வு,
இரண்டு வாயும் மஞ்சள் மூடியால் அடைத்தது.
தெற்கே கடலோரத்தில் எழும்பும் அணு உலைக்குப்
போக வேண்டியவை.

ஆறு மாதத்துக்கொருமுறை திறந்து பார்ப்பது என் வேலை.
உள்ளே ஒரு துணிப்பொட்டலத்தில் சிலிக்கா ஜெல் மணிகள்.
நீலமாயிருந்தால் சரி.
ரோஸ் நிறமென்றால் ஈரம் குடித்திருக்கிறது.
வெல்டிங் குச்சிகளைக் காயவைக்கும் ஓவனில்
இரண்டு மணி நேரம் போட்டெடுத்தால்
மறுபடி நீலமாகிவிடும்,
எதுவுமே நடக்காததுபோல.

பன்னிரண்டு முறை போட்டெடுத்துவிட்டேன்.
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஆணி ஓட்டை வரைக்கும் தேடி வருகிறது.

முதல் கடிதத்தில் 'ஓரிரு மாதங்களில்' என்றிருந்தது.
மூன்றாவதில் 'விரைவில்'.
அப்புறம் அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டார்கள்.
'தளம் இன்னும் தயாரில்லை. அனுப்பும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்.'
ஏன் என்று கேட்டு எழுதினோம்.
கான்கிரீட் என்று ஒரு வரி வந்தது.
கான்கிரீட்டில் என்ன என்பது வரவில்லை.

முதலாளி செம்மலையப்பன்
வருடா வருடம் வங்கி உத்தரவாதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடுகிறார்.
"பாக்கிப் பணம், உலை ஓட ஆரம்பிச்சுப் பன்னெண்டு மாசம் கழிச்சுத்தானுங்.
அது எப்ப ஓடி, நா எப்ப..."
மீதியை டீ டம்ளருக்குள் சொல்லிவிட்டுக்
கணக்குப் புத்தகத்தை மூடுகிறார்.

ரப்பர் வளையத்துக்கு ஆயுள் ஐந்து வருடம்,
உறையிலேயே அச்சடித்திருக்கிறது.
பெட்டிக்குள் கிடந்தபடியே,
ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட மறிக்காமல்
நாற்பத்திரண்டும் காலாவதியாயின.
புதியவை எங்கள் செலவில்.

ஒவ்வொரு பற்றவைப்பின் ஓரத்திலும்
ஒரு குத்தெண் உண்டு: பதினேழு.
அது நாச்சிமுத்துவின் கை.
எக்ஸ்ரே படத்தில் ஒரு புள்ளி விழாத கை.
இந்த ஆனியில் புதுப் படிவம் ஒன்று அனுப்பினார்கள்,
வெல்டரின் தற்போதைய நிலையைக் கேட்டு.

தேடி நெகமம் போனேன்.
கொப்பரைக் களத்தில் தேங்காய் மூடிகளை
வெயில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.
இடது கண்ணில் பார்வை பாதிதான்.
என்னைக் குரலில்தான் கண்டுபிடித்தார்.

"பதினேழு இன்னும் ஷெட்டுலயா கெடக்குது?
அது ஓடீட்டு இருக்குதுன்னு
ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறனுங்களே.
பக்கத்துத் தோட்டத்துக்காரன் மோட்டார் போட்டா
எங் கரண்டு வந்திருச்சான்னு கேப்பேன்.
அவனும் வந்திருச்சும்பான்."

நான் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு காக்கை மூடியொன்றைக் கவ்வப் பார்த்து,
கனம் தாங்காமல் போட்டுவிட்டுப் போனது.
இளநீர் வெட்டச் சொல்லி ஆளை அனுப்பினார்.
"இப்ப வந்து பாத்தா எம் பத்தவெப்ப
எனக்கே தெரியாதுங்க.
தடவிப் பாத்துச் சொல்லீருவேன்" என்றார்.

படிவத்தில் 'தற்போதைய நிலை' என்ற கட்டத்தில்
'விலகிவிட்டார்' என்று எழுதினேன்.
பற்றவைப்பு விலகவில்லை என்றெழுத
கட்டம் எதுவும் இல்லை.

இன்றைக்குப் பதின்மூன்றாம் முறை.
பெட்டி இருபத்தாறின் மூடியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.
ஆணிபிடுங்கியால் சுரண்டி எடுத்தேன்.
பதிவேட்டில்: துரு இல்லை. வேற்றுப்பொருள் இல்லை.
குளவி வெளிப்பக்கம்தானே.

மணிகளை ஓவனில் வைத்து
முக்கால் மணி ஆகியிருக்கும்,
கரண்டு போனது.

ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க யாரோ சைக்கிளில் கிளம்புகிறார்கள்.
லேத்துகள் ஒவ்வொன்றாய் முனகி நிற்கின்றன.
ஓவனின் சின்னக் கண்ணாடி வழியே
பாதி நீலம், பாதி ரோஸ்.
கதவைத் திறந்தால் சூடு போய்விடும்.
திறக்காமல் நிற்கிறேன்.